இரைச்சலை நிறுத்திய செல்வரத்தினம்

வேலணைச் சந்தியில் றேடியோ திருத்துகிற செல்வரத்தினத்தின் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல் வந்ததை ஒருவரும் கேட்டதில்லை. எல்லாம் தெரிந்த மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாது என்று சொல்லத்தான் அவருக்குத் தெரியாது. மணிக்கூடு கொண்டுபோனாலும் “வைச்சிட்டுப் போங்கோ” என்பார். தண்ணீர் இறைக்கிற மோட்டரைக் கொண்டுபோனாலும் அதே பதில்தான். ஒருமுறை நயினாதீவிலிருந்து ஒரு பெரியவர் காது கேட்கிற மெஷினைக் கொண்டுவந்தார். அதையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மூன்றாம் நாள் பெரியவர் வந்து அதைக் காதில் மாட்டிக்கொண்டார். “இப்ப கேக்குதோ?” என்றார் செல்வரத்தினம். “ஓம், சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்” என்றார் பெரியவர். சந்தியில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. சிரித்துவிட்டு அவரிடமே சாமானையும் கொண்டுபோவார்கள். வேறு யாரிடம் கொண்டுபோக?

அவருடைய தொழிலுக்கு ஒரு வேதம் இருந்தது. அது பொருளாதாரத் தடைக்காலத்தில் பிறந்த வேதம். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து வேலணைத் தீவை விட்டு ஓடி மானிப்பாய்ப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தபோது கரண்டும் கிடையாது, பற்றறியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற துளிக் கரண்டில் றேடியோச் செய்தி கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில் செல்வரத்தினம் ஒரு ராசா. எந்த றேடியோ வந்தாலும் முதலில் முகப்பில் எரிகிற சின்ன பல்பைப் பிடுங்கிவிடுவார். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் ஒன்றை வெட்டிவிடுவார். “வேலை செய்யிறவனுக்குத்தான் சோறு. சும்மா நிண்டு கரண்டைத் தின்னுறவனைக் கலைக்க வேணும்” என்பார். அன்றைக்கு அது சரியாகவும் இருந்தது. அவர் கை வைத்த றேடியோ மற்றவர்களுடையதை விட அரைமணி நேரம் கூடப் பாடியது.

தொண்ணூற்றாறில் தீவுக்குத் திரும்பி வந்தார். கூரையும் கதவும் இல்லாமல் நின்ற வீட்டின் முன்னறைக்குத் தகரம் போட்டுக் கடை திறந்தார். தடை போய்விட்டது, வேதம் போகவில்லை. தொண்ணூற்றொன்பதில் ஒரு கோயில் திருவிழாவுக்கு வந்த அம்பிளிஃபையரில் பின்பக்கம் சின்ன ஃபான் ஒன்று சுற்றி இரைந்தது. “உது சும்மா நிக்கிறவன்” என்று வெட்டி எடுத்தார். பத்து நாளும் அம்பிளிஃபையர் ஒரு குறையும் இல்லாமல் பாடியது. அது வெளிவீதியில், சோளகக் காற்று நேரே வந்து அடிக்கிற இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஃபானின் வேலையைச் சோளகம் செய்துவிட்டுப் போனது. அதை அவர் கவனிக்கவில்லை. வெற்றி பெற்றவன் எதற்கு யோசிக்கப் போகிறான்?

இரண்டாயிரத்து எட்டு ஆவணியில் அல்போன்சம்மா வந்து சேர்ந்தாள். ஊர்காவற்றுறைக் கரையோரத்துக்காரி. கடலுக்குப் போன புருசன் எப்போதோ காய்ச்சலில் போய்விட்டான். மகள் மேரிறோஸ் பிரான்ஸில். மகன் றெக்ஷன் முந்தின வருடம் மாசி மாதத்தில் வலை நூல் வாங்க யாழ்ப்பாணம் போனவன். அவன் வரவேண்டிய பஸ் வந்தது, அவன் வரவில்லை. யார் கொண்டுபோனது என்று கேட்கக்கூடாத காலம். அவள் கேட்டாள். கேட்ட இடத்தில் படம் தரச் சொன்னார்கள். வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் தொண்ணூறு இடப்பெயர்வில் போய், மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்தாள். படமும் திரும்பி வரவில்லை.

பிறகு மகனுடைய முகம் இருந்த ஒரே இடம், சண்டை நின்ற சமாதான நேரத்தில் லீவுக்கு வந்த மேரிறோஸ் விட்டுவிட்டுப் போன லப்டொப்தான். அதற்குள் இரண்டரை நிமிட வீடியோ. அந்தோனியார் திருநாளன்று எடுத்தது. றெக்ஷன் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்று தாயைக் கூப்பிடுகிறான். கமராவில் இருந்ததை மேரிறோஸ் அந்த லப்டொப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு, இடம் போதாதென்று கமராவில் அழித்துவிட்டுப் போயிருந்தாள். வேறு பிரதி கிடையாது.

அந்த லப்டொப்பை அல்போன்சம்மா படுக்கை விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். விரிப்பை அவிழ்த்தால் உள்ளே இன்னொரு உறை. ரோசா நிறத் தடித்த நூலில் அவளே பின்னிய லேஸ். எங்கள் வீடுகளில் ஒரு சாமான் வந்தால் முதல் வேலை அதற்குச் சட்டை போடுவதுதானே. றேடியோவுக்கும் சட்டை, டீவிக்கும் சட்டை, தையல் மெஷினுக்கும் சட்டை. இவள் ஒருபடி மேலே போய், மேசை வன்மை பெட்டியை நோகப்பண்ணும் என்று அடியில் ஒரு சின்னத் தலையணையும் வைத்திருந்தாள். பெட்டி அடியாலும் பக்கத்தாலும்தான் மூச்சு விடுகிறது என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

“தம்பி, இதைப் போட்ட உடனை ஓ எண்டு இரையுது. அடங்குதில்லை. பிள்ளை கதைக்கிறது அந்த இரைச்சலுக்கை தாண்டு போகுது.”

“முந்தி இரையேல்லையோ?”

“முந்தியும் போட்ட உடனை கொஞ்சம் இரையும். பிறகு அடங்கும். இப்ப அடங்குதில்லை. பற்றறியும் இருவது நிமிசம் நிக்காது. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம் தம்பி. அவன் அம்மா எண்டு கூப்பிடுற சத்தம் கேட்டாக் காணும்.”

செல்வரத்தினம் அதற்கு முன் லப்டொப் ஒன்றைத் திறந்து பார்த்ததில்லை. மூடியைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், தலையை ஆட்டினார். கடை வாசல் வாங்கில் குந்தியிருந்த பழைய தபால்காரர் அம்புறோஸ், “உது உங்களுக்கு ஏலுமே, அண்ணை?” என்று வாயைக் கிண்டினார்.

“உதென்ன பெரிய விசயமே? வைச்சிட்டுப் போங்கோ அக்கா” என்றார் செல்வரத்தினம்.

அல்போன்சம்மா வைத்துவிட்டுப் போகவில்லை. வாங்கின் நுனியில் இருந்துகொண்டாள். பெட்டியை விட்டுவிட்டு எங்கே போவாள்? அவளுக்கு முன்னால்தான் அவர் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்ன ஃபான். அதன் வாசலில் உப்புக் காற்றில் ஊறிய தூசும் ரோசா நிறப் பஞ்சும் சேர்ந்து பாய் போல அடைத்துக் கிடந்தது. செல்வரத்தினம் குனிந்து வாயால் ஒரு ஊது ஊதினார். அட மனுசா, சரியான வைத்தியம் அதுதான்! இன்னும் நாலு ஊது ஊதி, ஒரு பழைய பல் பிரஷால் தட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கிளம்பிய தூசு கண்ணில் விழுந்தது. அவருக்குக் கோபம் வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே வயர் வெட்டுகிற குறட்டை எடுத்தார்.

“கண்டியளோ, இவன்தான் ஆள். சும்மா நிண்டு கரண்டைத் தின்னுறான். சத்தமும் இவன்தான், பற்றறி போறதும் இவனாலைதான்.”

மூன்று வயரையும் வெட்டி, ஃபானைக் கழற்றி மேசையில் வைத்தார்.

ஸ்விட்சை அமத்திப் பெட்டியைப் போட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. அம்புறோஸ்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். திரையில் கோயில் வாசல் வந்தது, புதுச் சேட்டு வந்தது.

“அம்மா, உங்கை நிண்டு என்ன செய்யிறியள்? வாங்கோவன்!”

அல்போன்சம்மா எழும்பிவிட்டாள். கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவள் மாதிரியே எழும்பினாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, “இன்னொருக்காப் போடுங்கோ தம்பி” என்றாள். மூன்று தரம் போட்டார்கள். மூன்றாம் தரம் செல்வரத்தினத்தின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “கடவுள் உங்களுக்குக் குறை வைக்கமாட்டார்” என்றாள். செல்வரத்தினம் தனக்கு இதெல்லாம் தினமும் நடப்பது போல வெளியே றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்றைக்கு மத்தியானம் வீட்டில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

மனைவி இராசேஸ்வரிதான் மேசையில் கிடந்த ஃபானைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “வேலையில்லாததை உவங்கள் ஏன் செய்து உள்ளுக்கை வைச்சவங்கள்?” என்று கேட்டாள்.

“உமக்கு உது விளங்காது. குசினியைப் பாரும்” என்றார்.

பதினோராம் நாள் அல்போன்சம்மா திரும்பி வந்தாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். முதல் நாளிலிருந்தே பெட்டியின் அடி சுட்டது. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தது. களைத்துப் போகிறது என்று நினைத்து ஓலை விசிறியால் விசிறினாள். விசிறினால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. ஒரு கையால் விசிறிக்கொண்டு, மற்றக் கையால் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டாள். நேற்று ஒரு கருகின மணம் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை தரம் அமத்தியும் திரை கறுப்பாகவே கிடக்கிறது.

செல்வரத்தினம் திறந்தார். உள்ளே இருந்த சேர்க்கிட் பலகை தோசைக்கல் போலக் கருகியிருந்தது. ஃபான் இருந்த இடம் பொக்கையாகக் கிடந்தது. பார்த்த உடனேயே அவருக்கு விளங்கிவிட்டது. எழுத்தறியாத கிழவி ஓலை விசிறியால் செய்ததைத்தான் அந்தச் சின்ன ஃபான் செய்துகொண்டிருந்தது. அந்த ஃபானோ அவருடைய மேசையிலே கிடக்கிறது. அம்புறோஸும் இன்னும் இரண்டு பேரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். செல்வரத்தினம் மூடியைப் பட்டென்று மூடினார்.

“ஒரு நாளைக்கு எத்தினை தரம் பாத்தனீங்கள்?”

அவள் பயந்துபோனாள். “பத்து... பன்ரண்டு தரம். ஞாயிற்றுக்கிழமையிலை கூட இருக்கும்.”

“ஒரே படத்தைப் பன்ரண்டு தரம்! கசெற் ஒரு பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டா என்ன ஆகும்? தேயாதோ? றீல் தேஞ்சு குரல் போகாதோ?”

“தேயும்தான்” என்றார் அம்புறோஸ். அவருடைய வீட்டில் அப்படித் தேய்ந்த கசெற்றுகள் இருந்தன.

“உதுவும் அப்பிடித்தான் அக்கா. பாத்துப் பாத்துத் தேய்ச்சுப்போட்டியள். படம் தேஞ்சு, மெஷினும் எரிஞ்சு போச்சு. நான் திருத்தித் தந்ததை நீங்கள்தானே பழுதாக்கினது. இனி ஆராலையும் ஏலாது.”

படுபாவி மனுசன். அவள் அழக்கூட இல்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, “நான்தானோ” என்று மட்டும் கேட்டாள். செல்வரத்தினம் “ஓம்” என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, ரோசா நிற உறையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

செத்த பெட்டியை செல்வரத்தினம் பிரித்துப் போட்டார். உள்ளே ஒரு தகட்டுப் பெட்டி, தீப்பெட்டி இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்த அளவு. அதை நெம்பித் திறந்தபோது கையை நசுக்குகிற காந்தம் ஒன்று கிடைத்தது. வீட்டு அலுமாரிக் கதவு கனநாளாகத் திறந்து திறந்து விழும். அதற்குக் காந்தத்தை ஒட்டிவிட்டார். கதவு கச்சிதமாக நின்றது. காந்தத்தோடு, நடுவில் ஓட்டை வைத்த வட்டத் தட்டு ஒன்றும் கிடந்தது. முகம் பார்க்கிற கண்ணாடி தோற்றுப்போகும், அப்படி ஒரு மினுக்கம்.

ஒரு கிழமை கழித்து அல்போன்சம்மா மறுபடி வந்தாள். “அதிலை மிஞ்சின ஏதும் ஒரு துண்டு இருந்தாத் தாங்கோ தம்பி. வீட்டிலை வைச்சிருப்பம்” என்றாள். செல்வரத்தினம் சுற்றிப் பார்த்து, கைக்கு எட்டிய வட்டத் தட்டை எடுத்து நீட்டினார். “இந்தாங்கோ. அவன்ரை முகம் பாத்தது காணும், இனி உங்கடை முகத்தைப் பாருங்கோ” என்றார். வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் பாவம், சிரிக்க வேண்டுமாக்கும் என்று சிரித்துவிட்டு, லேஞ்சித் துணியில் சுற்றிக் கொண்டுபோனாள்.

ஏழு மாதம் போனது. அடுத்த வருடம் பங்குனியில் செல்வரத்தினம் மூலையில் கிடந்த பழைய சாமான்களைச் சாக்கில் கட்டி, யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை ஒன்றுக்கு விற்கக் கொண்டுபோனார். கடைக்காரன் சுதன் முப்பது வயது ஆள், கெட்டிக்காரன். லப்டொப்பின் வெறும் கோதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“ஃபானை ஆரண்ணை வெட்டினது?”

“எங்கடை ஊரிலை ஒருத்தன். போட்ட உடனை இரையுது எண்டு வெட்டினவனாம்.”

“விசரன்! போட்ட உடனை அது ஒருக்கா முழு வேகத்திலை சுத்தி, தான் சரியா இருக்கிறனோ எண்டு பாக்கும். அது அதின்ரை பழக்கம். பிறகு அடங்கும். அடங்காட்டில் தூசு அடைச்சிருக்கு, சூடு வெளியிலை போகேலாமல் கிடந்து உழைக்குது எண்டு அர்த்தம். ஒரு பிரஷ் காணும் அண்ணை. அதுக்குப் போய் மூச்சை வெட்டுறதே?”

“ஓம், விசரன்தான்” என்று செல்வரத்தினமும் சேர்ந்து சிரித்தார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே.

“சரி, ஹாட் டிஸ்க் எங்கை? படம், பாட்டு எல்லாம் அதுக்கைதானே கிடக்கும். பலகை எரிஞ்சாலும் அதுக்கு ஒண்டும் நடந்திராது. இருந்தா அரைமணித்தியாலத்திலை எல்லாத்தையும் எடுத்துத் தந்திடுவன்.”

செல்வரத்தினத்தின் சிரிப்பு நின்றது. எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டார். சுதன் ஒன்றை எடுத்துக் காட்டினான். அதே தகட்டுப் பெட்டி. உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டார். “வட்டத் தட்டு. கண்ணாடி மாதிரி மினுங்கும். அதிலைதான் எல்லாம் பதிஞ்சிருக்கு.”

“பாத்துப் பாத்துத் தேயுமோ?”

“உங்களுக்கென்ன, பகிடியே? ஆயிரம் தரம் பாத்தாலும் தேயாது.”

“திறந்தாச்சு எண்டால்?”

“திறந்தால் கஷ்டம்தான். ஆனால் தட்டிலை கீறல் விழாட்டில் வெளிநாட்டிலை எடுக்கிற ஆக்கள் இருக்கினம். பிரான்ஸ், ஜெர்மனியிலை செய்யினமாம். விரல் கூடப் படக்கூடாது. விளிம்பிலை பிடிச்சு, பஞ்சிலை சுத்திக் கொண்டுவாங்கோ, பாப்பம்.”

சாக்கை அங்கேயே போட்டுவிட்டு செல்வரத்தினம் ஓட்டமும் நடையுமாக பஸ்ஸுக்குப் போனார். பிரான்ஸில் மேரிறோஸ் இருக்கிறாள். அனுப்பிவைக்கலாம். தன் பிழை என்று சொல்லத் தேவையில்லை, புது வழி ஒன்று கண்டுபிடித்தேன் என்று சொல்லலாம். அதையும் யோசித்துவிட்டார் மனிதர்! பண்ணைப் பாலம் முழுவதும் அவருடைய வாய் தனக்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தது. வேலணையில் பஸ் நின்றபோது இறங்கவில்லை. ஊர்காவற்றுறை வரை போனார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்கு உரிய நாள். அல்போன்சம்மா முற்றத்தில் குந்தியிருந்தாள். பக்கத்தில் சிரட்டையில் சாம்பல். கையில் தேங்காய்ப் பொச்சு. மடியில் அந்த வட்டத் தட்டு.

“வாங்கோ தம்பி, வாங்கோ! பாருங்கோ, நீங்கள் தந்ததை எப்பிடி வைச்சிருக்கிறன் எண்டு. அந்தோனியாரின்ரை தலைக்குப் பின்னாலை ஒளிவட்டமா வைச்சிருக்கிறன். அவர்தானே காணாமல் போனதைத் தேடித் தாறவர். செவ்வாய்க்குச் செவ்வாய் சாம்பல் போட்டு மினுக்கிறனான். ஆனா முந்தின மினுக்கம் வருகுதில்லை. ஏனெண்டு விளங்கேல்லை.”

தூக்கிக் காட்டினாள். தட்டு முழுவதும் வட்டம் வட்டமாகக் கீறல். விளிம்பில் மினுக்கமே உரிந்து, மங்கிப்போய்க் கிடந்தது. ஏழு மாதத்துச் செவ்வாய்க்கிழமைகள். நீட்டப் போன கையை செல்வரத்தினம் மடக்கிக்கொண்டார். அதோடு நெஞ்சுக்குள் ஒரு ஆறுதலும் வந்தது. இனி இதை எவனும் எடுக்கமாட்டான், எவனுக்கும் தெரியவராது. அந்த ஆறுதல் வந்ததை அவர் பிறகு சாகும்வரைக்கும் மறக்கவில்லை.

கதிரை கொண்டுவந்து போட்டாள். தேத்தண்ணி வைத்தாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டாளாம், மகனைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்துவிட்டேன் என்று. சாமியார் அது பாவமில்லை என்றாராம். அவருக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்றாள். பக்கத்து வீட்டுப் பெட்டைக்கும் புருசனைக் காணவில்லையாம். படம் ஒன்று வைத்திருக்கிறாளாம். “தினமும் எடுத்துப் பாக்காதை பிள்ளை, தேஞ்சுபோம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அவள் இப்ப ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும்தான் பாக்கிறவள்.”

செல்வரத்தினம் தேத்தண்ணியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“றெக்ஷன்ரை முகம் எனக்கு மறக்கத் தொடங்குது தம்பி. கண்ணை மூடினா மூக்கு வருகுது. வாய் வருகுதில்லை. குரல் வருகுது, ஆனா அது அவன்ரை குரலோ, என்ரை குரலோ எண்டு நிச்சயமில்லை.” பொச்சைச் சிரட்டையில் வைத்தாள். “உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும் எண்டு கனநாளா இருந்தனான். தேஞ்ச படம் எங்கை போறது? எங்கையாவது ஒரு இடத்திலை கிடக்கும்தானே? உங்களுக்குத் தெரியும்.”

அவளுடைய மடியில் கிடந்ததை செல்வரத்தினம் பார்த்தார். பிறகு அந்த மனிதர் தன் வாழ்நாளில் முதல்தரமாக அந்தச் சொல்லைச் சொன்னார்.

“தெரியாது அக்கா.”

“உங்களுக்கே தெரியாதெண்டா இனி ஆரைக் கேக்கிறது” என்று அல்போன்சம்மா எழும்பினாள். தட்டைச் சேலையில் துடைத்து அவரிடம் நீட்டினாள். “எனக்கு எட்டாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் எப்பவும் மாட்டித் தாறவள். அதை ஒருக்கா மாட்டிவிட்டுப் போங்கோ.”

அவர் அதை விளிம்பில் மட்டும் பிடித்து வாங்கினார். ஒரு விரலும் மேலே படாமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போய், அந்தோனியாரின் தலைக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார்.